சூரிய மின்சார வீடுகளும் மாற்றுச் சொடுக்கியும்

வீட்டின் மின்சுற்றை மின்வாரிய இணைப்பிலிருந்து பிரித்து, ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டர் போன்ற வேறொரு மூலத்துடன் இணைக்கும் சாதனம் மாற்றுச் சொடுக்கி ஆகும். கடைகளில் இதனைச் 'சேஞ்ச் ஓவர் சுவிட்ச்' என்று கேட்டு வாங்குவர். இரு மூலங்களும் ஒரே நேரத்தில் இணைய முடியாதபடி இதன் கைப்பிடி அமைந்திருக்கும். தமிழகத்தில் நெடுங்காலம் இது பெரும்பாலும் திரையரங்குகளிலும் திருமண மண்டபங்களிலும் டீசல் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் காணப்பட்டது.

2008 முதல் நிலவிய மின்பற்றாக்குறையே மாற்று மின்சாரத்தை வீடுகளுக்குள் பரவலாகக் கொண்டுவந்தது. 2012-இல் சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேரமும், பிற மாவட்டங்கள் பலவற்றில் 10 மணி நேரத்திற்கு மேலும் மின்வெட்டு இருந்தது. நடுத்தரக் குடும்பங்கள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கின. மாற்றும் வேலையை இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே செய்தது. விளக்கு, மின்விசிறிக்குத் தனி வயர். கிரைண்டர், மோட்டாருக்கு நேரடி இணைப்பு என வயரிங் பிரிக்கப்பட்டது. ஆனால் இன்வெர்ட்டர் மின்சாரத்தைச் சேமித்துத் தருமே தவிர உண்டாக்காது. மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஊர்களில் பேட்டரி முழுதாக நிறைய நேரமே கிடைக்கவில்லை.

இந்நிலையில் 2012 அக்டோபரில் தமிழக அரசு சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3000 மெகாவாட் என்பது இலக்கு. நிகர அளவீட்டு முறையும் அதில் இடம்பெற்றது. கூரையில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிக்கே அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்; பேட்டரி தேவையில்லை. ஆனால் மின்தடை வந்தால், உச்சி வெயிலிலும் அந்த வீட்டில் மின்விசிறி சுழலாது. பணம் போட்டவருக்கு இது ஏமாற்றமே. எனினும் இது கருவியின் குறை அன்று.

தெருவிலுள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்கு 230 வோல்ட்டாக வழங்குகிறது. வீட்டிலிருந்து மின்சாரம் திரும்பிச் சென்றால் அதே மின்மாற்றி அதனை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டது என நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் போகும். ஆகவே வாரிய மின்சாரம் நின்றவுடன் சூரிய இன்வெர்ட்டரும் வாரியக் கம்பிக்கு மின்சாரம் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கட்டாயமாக்கின.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர்களைக் கொண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினர். வெளியூர்களிலிருந்து வந்த பணியாளர்கள் அதே தெருக்களில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தனர். இத்தகைய வேளையில் இரு முனையிலும் பிளக் பொருத்திய வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகுவதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. மெயின் சுவிட்ச் தவறுதலாக மூடப்பட்டிருந்தால் தெருக்கம்பி முழுவதும் உயிர்பெறும்.

பின்னர் வந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் மின்தடையின்போது வீட்டைத் தாமே வாரியத்திலிருந்து துண்டித்துக்கொண்டு, தனி வெளியீட்டின் வழியாக அவசியமான சுற்றுகளை மட்டும் இயக்குகின்றன. இன்வெர்ட்டர் பழுதானால் வாரிய மின்சாரத்துக்குத் திரும்ப, வெளியே கையால் இயக்கும் மாற்றுச் சொடுக்கியும் வைக்கப்படுகிறது. அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இருமுனை வகையாக இருப்பது நல்லது. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் கூரைச் சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பேட்டரிக்கான செலவு வீட்டுக்காரருடையது.