மதுவிலக்கும் பாண்டிச்சேரி பஸ்ஸும்

குடிப்பழக்கத்தை ஒழிக்க என்ன வழி? "கடையை மூடு" என்பதுதான் உடனே வரும் பதில். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வரலாற்றைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும்.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. காமர்ஸ் மாணவர்கள் மாங்கு மாங்கென்று படித்த அந்த வரியின் பூர்வீகம் இதுதான்! 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

ஆனால் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கி.மீ. போனால் பாண்டிச்சேரி. அன்று அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, சட்டம் வேறு. ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கு மதுவிலக்கு என்பது ஒரு விலையேற்றம். பஸ் கட்டணம், அலைச்சல், போலீஸ் பயம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை. எப்போதாவது குடிப்பவர் இதைப் பார்த்து நிறுத்திவிடுவார். அடிமையானவர்? விலையைக் கொடுப்பார், இல்லையென்றால் கள்ளச்சாராயம் தேடுவார்.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி போனது. 1983-ல் பிறந்த டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. அரசுக் கடை இருந்தும், 2023 மே மாதம் மரக்காணத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரி, குடிப்பவர் என்ன நினைக்கிறார்? காலையில் "இனி தொடமாட்டேன்" என்பவரும், மாலையில் கூலியோடு கடைக்குப் போகிறவரும் ஒரே ஆள்தான். நடத்தைப் பொருளாதாரம் ஆராய்வது இந்த இழுபறியைத்தான். பிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார அறிஞர் சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷா தொழிலாளர்களிடம் ஒரு சோதனை நடத்தினார் (2019-ல் வெளியானது). போதையில்லாமல் வந்தால் கூடுதல் பணம், மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். பகல் குடி குறைந்தது. மொத்தக் குடி குறையவில்லை என்றாலும் சேமிப்பு 50 சதவீதம் கூடியது. இன்னொன்று: பாதிக்கு மேற்பட்டோர், கொஞ்சம் பணத்தை இழந்தாலும் பரவாயில்லை, அந்த நிபந்தனை வேண்டும் என்றார்கள். தங்களைக் கட்டிப்போட அவர்களே கயிறு கேட்டார்கள்!

நம்மூரில் இது புதிதா என்ன? சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் குடியைத் தொடுவதில்லை. ஊரே "சாமி" என்று கூப்பிடும்போது எப்படிக் கடைக்குப் போவார்? மாலையைக் கழற்றிய பிறகுதான் சிக்கல்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்கு மருத்துவர் வேண்டும். அதற்குப் பிந்தைய நாட்களுக்குத்தான் இந்தக் கயிறு. கடைகளின் எண்ணிக்கையைப் பற்றி எண்பது வருடங்களுக்கு மேல் பேசியாயிற்று. கயிறு கேட்பவர்களைப் பற்றி எப்போது பேசப் போகிறோம்?