வேகத்தை அளந்தது எது? சென்னை–பெங்களூரு சாலையும் ஒரு சட்டவிதியின் வரலாறும்

சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலை, வேலூரைக் கடந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி ஆகிய ஊர்களின் வழியாகத் திருப்பத்தூர் மாவட்டத்தின் குறுக்கே செல்கிறது. இவ்வழியில் விரைவு என்பது முதலில் ரயிலால் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1864-இல் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு கன்டோன்மென்ட் வரை பாதை திறக்கப்பட்டது. பாலாற்றங்கரையில் பெருகிய டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், தோலைச் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கும் துறைமுகத்துக்கும் ரயில் சேர்த்த அந்தப் பணியைப் பின்னாளில் லாரிகளும் கன்டெய்னர் வண்டிகளும் பெருமளவில் ஏற்றுக்கொண்டன. இன்று வண்டி உரிமையாளரின் கைப்பேசிக்கு வரும் இ-சலான், அதாவது கேமரா பதிவின் அடிப்படையில் அனுப்பப்படும் மின்னணு அபராத அறிவிப்பு, இந்த நெடிய வரலாற்றின் அண்மைக் கட்டமாகும். அந்த அபராதத்தை மறுத்து வழக்காடும் உரிமைக்கோ அந்த மின்னணு அறிவிப்பைவிட நீண்ட வரலாறு உண்டு.

மோட்டார் வண்டியின் வேகத்துக்காக முதன்முதலில் தண்டிக்கப்பட்டவர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த வால்டர் அர்னால்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1896 ஜனவரியில், மணிக்கு 2 மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 8 மைல் வேகத்தில் சென்ற அவரை ஒரு காவலர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். 1903-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மோட்டார் கார் சட்டம் வேக வரம்பை 20 மைலாக உயர்த்தியபோது, ஒரே ஒரு சாட்சியின் கருத்தை மட்டும் நம்பி அவ்வரம்பை மீறியதாக எவரையும் தண்டிக்கக்கூடாது என்ற பாதுகாப்பையும் உடன் வழங்கியது. கண்ணால் பார்த்து வேகத்தைச் சொல்வது மதிப்பீடே தவிர அளவீடு ஆகாது என்பதே அவ்விதியின் உட்கருத்து. ஆகவே காவலர்கள் சாலையோரத்தில் குறிப்பிட்ட தூரத்தை அளந்து, அதை வண்டி கடக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் குறிக்கத் தொடங்கினர். அவ்வாறு காத்திருந்த இடங்களை ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே உணர்த்துவதற்காக 1905-இல் ஒரு வாகன ஓட்டிகள் சங்கமே தோன்றியது.

ஒரே சாட்சியின் கருத்து மட்டும் போதாது என்ற இக்கோட்பாடு இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் இடம்பெற்று, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் இன்றும் நீடிக்கிறது. வண்டி வரம்பை மீறி ஓடியது என்று தனியொரு சாட்சி கூறும் கருத்து, ஓர் இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் உதவியால் பெற்ற கணிப்பாக இருந்தாலொழிய, அதை மட்டும் கொண்டு தண்டனை விதிக்க இயலாது என்று அப்பிரிவு கூறுகிறது. தோல் தொழில் வட்டாரம் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் அதில் உள்ளது. வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கும்படி ஒருவர் உத்தரவிட்டால், அவ்வுத்தரவே அவருக்கு எதிரான முதல்நிலைச் சான்றாகக் கொள்ளப்படும். கப்பலைத் தவறவிடக்கூடாது என்று ஓட்டுநரை விரட்டும் முதலாளியும் இதன்படி சட்டத்தின் பிடிக்குள் வருகிறார்.

கருவியைத் தேடிய சட்டத்துக்குக் கருவிகள் விரைவிலேயே கிடைத்தன. கார் பந்தய வீரரான மாரிட்ஸ் கட்சோனிடிஸ் என்ற டச்சுக்காரர், தம் ஓட்டத்தின் வேகத்தைத் துல்லியமாக அறிந்துகொள்வதற்காக உருவாக்கிய அளவுகருவியே பின்னர் காவல்துறைகளின் வேகக் கேமராவாக வளர்ந்தது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மின்னணுக் கண்காணிப்புக்கென 136-அ என்ற பிரிவைச் சேர்த்ததோடு, முன்பு அதிகபட்சம் 400 ரூபாயாக இருந்த முதல்முறை அபராதத்தை இலகு ரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாயாகவும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாயாகவும் உயர்த்தியது. உயர்த்தப்பட்ட அபராதங்களைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது.

அபராதம் உயர்ந்த நிலையில், கருவியை யார் சோதிப்பது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167-அ விதியில் காணப்படுகிறது. கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். கண்காணிப்பு நடைபெறுவதைத் தெரிவிக்கும் பலகை சாலையில் வைக்கப்பட வேண்டும். 2021-இல் வெளியானபோது இருந்தபடி, குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அறிவிப்பில் பதிவெண் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவற்றுடன் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் இடம்பெற வேண்டும். இச்சான்றிதழ், கணினிப் பதிவு முறையாகப் பெறப்பட்டது என்று பொறுப்பாளர் அளிக்கும் உறுதிமொழியாகும்; இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு தேர்தல் வழக்கில் தீர்ப்பளித்தது. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரையிடும் சட்டமுறை எடையளவு விதிகளுக்குள் வேகம் அளக்கும் ரேடார் கருவிகளும் 2025-இல் கொண்டுவரப்பட்டன. பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் அளந்து விற்கும் ஆம்பூர் வணிகருக்கு, அளக்கும் கருவியே முதலில் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது புதிய பாடமன்று.

அபராதத்தை மறுப்பவருக்கு வழி அடைக்கப்படவில்லை. காணொளி விசாரணையும் இல்லாமல் இணையத்திலேயே அபராத வழக்குகளை முடிக்கும் மெய்நிகர் நீதிமன்றம் 2019 ஜூலையில் டெல்லியில் தொடங்கிப் பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் வந்தது. குற்றத்தை ஏற்காதவர் அங்கேயே மறுப்பைப் பதிவு செய்யலாம். அதன்பின் வழக்கு, எல்லை அதிகாரம் பெற்ற வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். எனினும் ஓர் அபராதத்துக்காக ஒரு நாள் வாடகையை இழந்து, வெளியூர் நீதிமன்றப் படியேறுவதைவிடப் பணத்தைக் கட்டிவிடுவதே மேல் என்ற கணக்கு லாரி உரிமையாளருக்கு எளிதில் தோன்றும். மேலும் கேமரா பதிவெண்ணைக் காண்கிறதே தவிர ஓட்டுநரைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. ஓட்டியவர் யார் என்று கேட்கப்பட்டால் தெரிவிக்கும் கடமை 133-ஆம் பிரிவின்படி உரிமையாளரையே சேர்கிறது.

நூற்றாண்டுக்கும் மேலான இவ்வரலாற்றில் காவலரின் கண்ணுக்குப் பதிலாகக் கடிகாரமும், அதன்பின் ரேடாரும் கேமராவும் வந்துள்ளன. ஆனால் அளவு சரியானதென்று நிறுவும் பொறுப்பு ஒருபோதும் குற்றம் சாட்டும் தரப்பைவிட்டு நீங்கவில்லை. வேக வரம்பு உயிர்களைக் காப்பதற்காக உள்ளது. அதை மீறியவர் அபராதம் செலுத்துவதே முறை. மீறவில்லை என்று நம்புபவர், பணத்தைக் கட்டுவதற்கு முன் படத்தையும் நாளையும் சான்றிதழையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.