தங்கவயலின் பாழ்மனைகளும் நமது கடமையும்



யூபிலி ஆண்டில் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது நமது வழக்கம். ஓர் ஊர் எதனால் உருவாகிறது, எதனால் பாழாகிறது, அதில் எது நிலைத்து நிற்கிறது என்பதையும் இவ்வேளையில் சிந்திப்பது பொருத்தமே. இரண்டு சுரங்க ஊர்களின் வரலாறு இதற்கு நமக்குத் துணை செய்யும்.

முதலாவது, இன்றைய ஜோர்தான் நாட்டின் வறண்ட மலைப்பகுதியில் உள்ள பைனான். உரோமையர் காலத்தில் அதற்குப் பைனோ என்று பெயர். அங்கே செம்புச் சுரங்கங்கள் இருந்தன. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த வேதகலாபனையின்போது, விசுவாசத்தை மறுதலியாத கிறிஸ்தவர்கள் பலர் கண் பிடுங்கப்பட்டு, கால் முடமாக்கப்பட்டு, அச்சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்டனர். காசா நகரின் ஆயர் சில்வானுஸ் அங்கேதான் தலை வெட்டுண்டு மரித்தார். திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் இவற்றை எழுதி வைத்துள்ளார். இன்று அங்கே எஞ்சியிருப்பவை கறுத்த கசடுக் குவியல்களும், இடிந்த சுவர்களும், பிற்காலத்தில் எழும்பிய கோவில்களின் சிதைவுகளுமே. அந்தச் செம்பை விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதை எவரும் நினைப்பதில்லை. வெட்டி மடிந்தவர்களையே நாம் நினைக்கிறோம்.

இரண்டாவது ஊர் நமக்கு அண்மையில் உள்ளது. அதுவே கோலார் தங்கவயல். செம்புக்குப் பதில் பொன். கைதிகளுக்குப் பதில் பஞ்சம் பிழைக்கச் சென்ற நம் தமிழ் மக்கள்.

அப்பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை 1802-ஆம் ஆண்டிலேயே லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவர் கண்டறிந்து எழுதினார். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற பின்னர்தான் சுரங்கங்கள் பெருகின. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமின்றி, சாதிக் கொடுமைக்கு ஆளானவர்கள். மாரிகுப்பம், சாம்பியன் ரீப், ஊரிகம், கோரமண்டல் என்று குடியிருப்புகள் எழுந்தன. துரைமாருக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா. தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வைத்த ஓர் அறை.

1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின்னரே. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். பாறை திடீரென வெடித்துச் சிதறிப் பலர் மாண்டனர். கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்ல மாண்டவர்களும் உண்டு. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் வெளிவந்த பொன் சுமார் 800 டன்.

ஆயினும் அம்மக்கள் பொன்னை மட்டும் எடுக்கவில்லை. ஒரு சமூகத்தையே உருவாக்கினார்கள். சாம்பியன் ரீப்பில் வெற்றி மாதா கோவில் எழுந்தது. மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த பௌத்த சங்கம் இயங்கியது. அம்மன் கோவில்களும் பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் தோன்றின. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள்.

1956-ல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. கல்லில் கிடைக்கும் பொன்னோ குறைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வீடும் தண்ணீரும் மருத்துவமனையும் கம்பெனியைச் சார்ந்தே இருந்தபடியால், வேலை போனபோது எல்லாமே ஆட்டம் கண்டன. இன்று கூரையிழந்த பங்களாக்கள், துருப்பிடித்த இறக்குக் கோபுரங்கள், காற்றடித்தால் தூசி கிளப்பும் சயனைடு மண்மேடுகள் ஆகியவை அங்கே நிற்கின்றன. அம்மேடுகளில் உள்ள சுமார் மூன்று கோடி டன் மண்ணில் இன்னும் சிறிது பொன் உண்டு என்பதால், அதை மீண்டும் அரித்தெடுக்கும் திட்டமும் பேசப்படுகிறது.

எனினும் தங்கவயல் பைனோவைப் போல முற்றிலும் பாழாகிவிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு வீடு திரும்புகிறார்கள். ஏன் அவர்கள் அவ்வூரை விட்டுப் போகவில்லை? கம்பெனி கட்டியது வேலைத்தலம். மக்கள் கட்டியதோ ஊர். அவர்களுடைய கோவிலும் கல்லறையும் உறவும் அங்கேயே உள்ளன.

வெள்ளாற்றங்கரையில், லப்பைக்குடிக்காட்டில் வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்க்கிறோம். வளைகுடா நாடுகளில் உழைப்போர் நம்மிடையேயும், நம் இஸ்லாமியச் சகோதரர் வீடுகளிலும் ஏராளம். கல்லும் ஒருநாள் தீரும். அயல்நாட்டு வேலையும் ஒருநாள் முடியும். அந்நாளில் நம்மைத் தாங்கப்போவது எது? பிள்ளைகளின் படிப்பும், சொந்தப் பெயரில் பட்டா உள்ள மனையும், அண்டை வீட்டாரோடு கொண்ட உறவும், ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் சங்கமும் அல்லவா?

இன்னொன்றும் சொல்வோம். பங்கின் பதிவேட்டில் ஞானஸ்நானமும் மெய்விவாகமும் அடக்கமும் தேதியோடு எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவர்கள் எங்கே கல் உடைத்தார்கள், எந்த நாட்டில் வெயிலில் நின்றார்கள் என்பது அதில் இல்லை. இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களை அமர்த்தி, அவர்களுடைய உழைப்பின் வரலாற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எவுசேபியுஸ் எழுதி வைத்ததால்தான் பைனோவின் முடவரையும் குருடரையும் 1700 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறிகிறோம்.