கியர் லீவர் உடைந்தால் சைக்கிளைத் தூக்கிப் போடணுமா?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நாலா திசையிலிருந்தும் சனம் வரும். 1960களில் மாட்டுவண்டிக்கு அடுத்தபடி எங்கள் பக்கத்து வாகனம் சைக்கிள்தான். முன்னால் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் மனைவி, அவர் மடியில் கைக்குழந்தை என்று குடும்பமே ஒரு சைக்கிளில் வந்து இறங்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் அந்த மணல் பக்கம், கோணியை விரித்து ஒரு ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருப்பார். ஹெர்குலிஸ் வரும், ராலே வரும், அட்லஸ் வரும், ஹீரோ வரும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தகரப் பெட்டி. பால்ஸ், கோன், காட்டர் பின், செயின் துண்டு, போக்ஸ் கம்பி எல்லாம் அதற்குள்தான். "இது எந்தக் கம்பெனி?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு பெட்டி எல்லாச் சைக்கிளுக்கும் எப்படிப் போதுமாயிற்று? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், செயினால் ஓடும் பின்சக்கரம். இன்றைய சைக்கிளின் அடிப்படை அதுதான். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. பிறகு ஆங்கிலேயத் தொழிற்சாலைகள் போட்டி போட்டாலும், அளவுகள் மெல்ல மெல்ல ஒன்றுபட்டன. செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் அரை அங்குலம். பெடல் மரை ஒன்பதுக்குப் பதினாறு அங்குலம். இடது பெடலுக்கு மட்டும் மரை இடப்பக்கம் திரும்பும்.

நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டவைதான். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஆலை வைத்தது. 1951இல் சோனிபட்டில் அட்லஸ். அசன்சோலில் சென்-ராலே. 1956இல் லூதியானாவில் ஹீரோ. அந்த முஞ்சால் சகோதரர்கள் முதலில் உதிரிபாக வியாபாரிகள். முழுச் சைக்கிள் செய்தது பிறகுதான். எல்லாருமே 28 அங்குல டயர், முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்ற பழைய ஆங்கில ரோட்ஸ்டர் கணக்கிலேயே செய்தார்கள். அதனால் லூதியானா பிரீவீல் அம்பத்தூர்ச் சக்கரத்தில் ஏறியது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பயராபீசுக்கும் சைக்கிளில் போனவர்களுக்கு இது பெரிய விஷயம். காலையில் ஒரு சாமான் உடைந்தால், மதியத்துக்குள் சாத்தூரில் ஏதோ ஒரு கடையில் கிடைத்துவிடும். அன்றைய கூலி முழுசாகப் போகாது.

கியர் வந்ததும் இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் வந்தது.

பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் 'டூர் தி பிரான்ஸ்' பந்தயத்தில் 1937 வரை டெரெய்லருக்கு, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கைக்கு, அனுமதி இல்லை. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் ஓட்டினார்கள். டெரெய்லர் வந்த பின்னும் ரொம்ப காலத்துக்கு அதன் லீவரில் 'டிக்' சத்தம் கிடையாது. கை தள்ளும், காது கேட்கும், செயின் சரியாக உட்கார்ந்ததும் விரல் நிற்கும். அளவு ஓட்டுபவர் விரலில் இருந்தது. எந்தக் கம்பெனி லீவரும் எந்த டெரெய்லருக்கும் ஏறக்குறையப் பொருந்தியது.

1984இல் ஜப்பானின் ஷிமானோ, ஒரு தட்டுக்கு ஒரு கியர் மாறும் லீவரைக் கொண்டுவந்தது. 1990இல் பிரேக்கையும் கியரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்தது. 1992இல் இத்தாலியின் கம்பன்யோலோவும் அப்படியே செய்தது, ஆனால் தன் சொந்த அளவில். வசதி பெரிது; கைப்பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டாம். ஆனால் விரலில் இருந்த அளவு லீவருக்குள் இருக்கும் சின்னப் பல்லுக்குப் போய்விட்டது.

அந்தக் கணக்கு இதுதான். ஷிமானோவின் எட்டுப் பல்சக்கர அடுக்கில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4.8 மில்லிமீட்டர். டெரெய்லர், கம்பி ஒரு மில்லிமீட்டர் இழுபட்டால் சுமார் 1.7 மில்லிமீட்டர் நகரும். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் லீவர் சுமார் 2.8 மில்லிமீட்டர் கம்பியை இழுக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் செயின் குதிக்கும்.

கோவையில் படிக்கும் என் பேரனின் ரோடு பைக்கில் போன வருடம் வலது கைப்பிடி உள்ளே உடைந்துவிட்டது. "அந்த மாடல் இப்போ வர்றதில்லை, லீவர், டெரெய்லர், பல்சக்கரம், செயின் எல்லாத்தையும் செட்டா மாத்துங்க" என்றார்கள் ஒரு கடையில். சொன்ன தொகைக்கு இரண்டு சாதா சைக்கிள் வாங்கலாம். "தாத்தா, பேசாம வித்துரலாமா?" என்று போன் செய்தான். "அவசரப்படாதப்பா, வேற ஆளிடம் காட்டு" என்றேன்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. பின்னால் குனிந்து பல்சக்கரங்களை எண்ணினார், எட்டு. டெரெய்லர் ஷிமானோ. பிரேக், கம்பி குறைவாக இழுத்தாலே பிடிக்கும் ரோடு பைக் வகை. அதே அளவில் கம்பி இழுக்கும் எட்டு கியர் லீவரை தைவானின் மைக்ரோஷிப்ட் நிறுவனமும் செய்கிறது. வலதுபக்க லீவர் மட்டும் வரவழைத்து, கம்பியும் உறையும் புதிதாகப் போட்டு, டெரெய்லரின் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிச் செயினை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். இரண்டு கைப்பிடியும் பார்க்க ஒரே மாதிரி இல்லை. கியர் ஒழுங்காக விழுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது நேரலாம். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். பின்னால் எத்தனை பல்சக்கரம்? டெரெய்லர் எந்த அளவில் நகர்கிறது? பிரேக் எந்த வகை? இந்த மூன்றும் ஒத்துவந்தால் லீவரின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் கவலை இல்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டால் தட்டு இல்லாத பழைய உராய்வு லீவர் இன்றும் விற்பனைக்கு உண்டு. பிரேக்குக்குத் தனிப் பிடி ஒன்று போட வேண்டிவரும், அவ்வளவுதான். ஏழோ எட்டோ ஒன்பதோ, எத்தனை கியராக இருந்தாலும் அது ஓடும். விரலும் காதும் கொஞ்ச நாள் பழக வேண்டும்.