'டி' இல்லாத 1922

அமெரிக்காவில் 1922இல் ஒரு சத நாணயம் அடித்தது டென்வர் நாணயச்சாலை மட்டும்தான். பிலடெல்பியாவுக்கு வெள்ளி டொலர் அடிக்கவே நேரம் போதவில்லை. ஆகவே அந்த வருடத்து லிங்கன் சதம் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குக் கீழே டென்வரின் 'டி' எழுத்து இருந்தாக வேண்டும். சிலவற்றில் இல்லை!

நடுவில் தகடு இல்லாமல் மேலச்சும் கீழச்சும் மோதிக்கொண்டன. அந்தத் தழும்பை அழிக்க முகப்பு அச்சைத் தீட்டினார்கள். 'டி'யும் சேர்ந்து போய்விட்டது. பின்பக்கத்துக்குப் புது அச்சு போட்டார்கள்.

இதற்கு இன்று நல்ல விலை. எனவே சாதாரண சதத்தில் 'டி'யைச் சுரண்டி விற்பவர்களும் உண்டு. வெற்றிடத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நாணயத்தைத் திருப்புங்கள்: கோதுமைக் கதிரின் கோடுகள் கூர்மையாக இருக்க வேண்டும். முகப்பில், ஆண்டின் கடைசி 2 அதற்கு முந்தைய 2ஐ விடத் தெளிவாக இருக்கும். சுரண்டுபவரால் இவ்விரண்டையும் உண்டாக்க முடியாது.