வரைகலை நினைவகம்: பகிர்விலிருந்து தனிமைக்கும், மீண்டும் பகிர்வுக்கும்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்துக்குப் போனால், தனி நினைவகம், பகிர்வு நினைவகம் என்று இரண்டு கணக்குகள் தெரியும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் பகிர்வுக் கணக்கு ஏறத்தாழ 8 ஜிபி காட்டும். அது ஒதுக்கி வைத்த இடமல்ல, எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு மட்டுமே. இரண்டையும் கூட்டிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு கொள்ளளவில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பகிர்வு என்பது பின்னாளில் வந்த சிக்கன ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். மேசைக் கணினியின் தொடக்க காலத்திலேயே அது இருந்தது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்குத் தனி வரைகலை நினைவகம் கிடையாது. அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் இரண்டாகப் பிரித்தார்: ஒரு பாதியில் செயலி நினைவகத்தைத் தொடும், மறு பாதியில் திரைச் சுற்று படிக்கும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. திரைக்காகப் படிக்கும் அந்த வேலையே ரேமைப் புதுப்பித்தும் விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

1981இல் ஐபிஎம் பிசியின் சிஜிஏ என்ற வரைகலைக் கார்டு 16 கேபி தனி நினைவகத்தோடு வந்தது. தனியாக இருந்தும் தகராறு தீரவில்லை. 80 பத்தி எழுத்து முறையில் செயலி அதில் எழுதும் நேரத்தில் திரைச் சுற்றுக்குப் படிக்க வழி கிடைக்காமல், திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் சிதறும். அதற்குப் ‘பனி’ என்று பெயர். நிரல் எழுதியவர்கள், திரையை வரையும் கற்றை அடுத்த வரிக்குத் திரும்பும் அந்தச் சிறு இடைவெளிக்காகக் காத்திருந்து எழுத்துகளை அனுப்பினார்கள்.

முப்பரிமாண விளையாட்டுகள் வந்ததும் தேவை பெருகியது. 1996இன் வூடூ கார்டில் 4 எம்பி இருந்தது. பாதி திரைக்காட்சிக்கு, பாதி பொருள்களின் பரப்பில் ஒட்டும் ஓவியங்களுக்கு (டெக்ஸ்சர்). இன்டெல் வேறு கணக்குப் போட்டது. ஏஜிபி என்ற தனிப்பாதை அமைத்து, ஓவியங்களைக் கணினியின் பொது ரேமிலேயே வைத்துவிட்டால் கார்டு மலிவாகுமே! 1998இல் வந்த ஐ740 அப்படித்தான் செய்தது. ஏஜிபி 2எக்ஸ் பாதையின் உச்சம் நொடிக்கு சுமார் 533 எம்பி. அதன் மறுமுனையில் இருந்த ரேமையோ செயலியோடு பங்கிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பழைய பிசிஐ பாதைக்கான ஐ740 கார்டுகளில் ஓவியங்களுக்கென்று கூடுதல் நினைவகத்தைக் கார்டிலேயே வைக்க வேண்டியிருந்தது. மெதுவான பாதையில் உட்கார்ந்த அவை சில சோதனைகளில் ஏஜிபி கார்டுகளை முந்தின. காத்திருப்பே சிக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனாலும் பொது ரேமையே பயன்படுத்தும் எண்ணம் சாகவில்லை. 1999இன் இன்டெல் 810 மதர்போர்டு சிப்பில் அது குடியேறி, அலுவலகக் கணினிகளில் பரவியது. 2004இல் என்விடியா ‘டர்போகேஷ்’ என்ற பெயரில் 16 எம்பி மட்டுமே கொண்டு, மிச்சத்தைப் பொது ரேமிலிருந்து எடுத்துக்கொண்ட கார்டைக்கூட ‘128 எம்பி ஆதரவு’ என்று விற்றது. ‘ஆதரவு’ என்ற சொல்லை அவ்வளவு சாமர்த்தியமாக வேறு யாரும் பயன்படுத்தியதில்லை.

பகிர்வின் குறை பகிர்வில் இல்லை, மெதுவான ரேமில் இருந்தது என்பதை 2013இன் பிளேஸ்டேஷன் 4 காட்டியது. செயலிக்கும் வரைகலைக்கும் பொதுவாக 8 ஜிபி. ஆனால் அது வரைகலைக் கார்டுகளுக்கான ஜிடிடிஆர்5 வகை, நொடிக்கு 176 ஜிபி. 2020இல் ஆப்பிளின் எம்1 சிப்பும் அதே பொது நினைவக வழியைப் பின்பற்றியது.

தனிக் கார்டுகளும் சும்மா இருக்கவில்லை. ஆர்டிஎக்ஸ் 4090இன் 24 ஜிபி நொடிக்கு ஆயிரம் ஜிபிக்கு மேல் தரும். ஆனால் பெரிய மொழி மாதிரி ஒன்றை ஏற்றி அந்த 24 ஜிபி நிரம்பி, மிச்சம் பகிர்வு நினைவகத்துக்கு வழிந்தால், அது நொடிக்குச் சுமார் 32 ஜிபி மட்டுமே விடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகத்தான் வந்துபோக வேண்டும். ஐ740 நின்ற அதே வாசலில், கால் நூற்றாண்டு கழித்து, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார்டு நிற்கிறது.