காவிய மாந்தரின் சொல்லும் ஆசிரியர் கருத்தும்

திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரையும் கோதையையும் பற்றித் தெலுங்கில் ஒரு காவியம் உண்டு. 'ஆமுக்த மால்யத' என்னும் அதனை இயற்றியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529). அண்டை ஊராகிய இராஜபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜாவின் தமிழாக்கத்துக்கு 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது.

நூலின் நான்காம் பகுதியில், துறவு பூணும் யாமுனாசாரியர் தம் மகனுக்கு அரசநீதி உரைக்கிறார். யானையும் நற்குதிரையும் கொணரும் அயல்நாட்டு வணிகருக்கு ஊரும் உறைவிடமும் தந்து போற்றுக என்பது அவற்றுள் ஒன்று. பாண்டியர் காலத்தில் காயல் துறையில் அரபுக் குதிரைகள் இறங்கிய வரலாற்றை அறிந்த நமக்கு இது இனிக்கிறது. இராயரின் பரந்த உள்ளத்துக்கு இதுவே சான்று என எழுதிவிடத் தோன்றுகிறது.

சற்றே பொறுப்போம். அறிவுரை கூறுபவர் காவிய மாந்தர், ஆசிரியர் அல்லர். ஆயினும் குதிரைப்படை கொண்டு போரிட்ட அரசரே நூலாசிரியர் ஆதலால், அக்குரலை அவருடையதெனக் கொள்ள இடமுண்டு. காரணத்தையும் நூலே கூறுகிறது: அவ்விலங்குகள் பகைவர் கைக்குப் போய்ச் சேரலாகாது. அன்று குதிரை கொணர்ந்தோருள் போர்த்துக்கீசியரும் இருந்தனர். ஆகவே, இவ்விருந்தோம்பலின் பின்னே படைக்கணக்கு நிற்கிறது. நம் பெருமைக்காக மேற்கோளைப் பாதியில் நிறுத்துவது நமக்கு அழகன்று.